பரீட்சை அக்காவின் பாதிக் கேள்வி

பாதிக் கேள்வியைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையை முறைக்கிறார் பரீட்சை அக்கா. புரோகிராம் எழுதும் ஏஐ மாடல்களுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது அவர் வேலை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து மீதிக் கேள்வியை மாடல் தானாகவே வார்த்தை பிசகாமல் ஒப்பித்தால் கதை கந்தல். பயிற்சியிலேயே அந்தக் கேள்வியை அது பார்த்துத் தொலைத்திருக்கிறது. அப்புறம் அது வாங்கும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"யோசிச்சு எழுதினதா, பார்த்து எழுதினதா? எனக்கு அது தெரிஞ்சாகணும்" என்பார். எந்த மாடலாவது தொண்ணூறைத் தாண்டியது என்றால் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இணையத்தில் கிடக்கும் கேள்விகளைத் தொடமாட்டார். குடியிருப்பு லிஃப்ட், ஜோடி தொலைந்த காலுறைகள், எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்தும் லட்சணம், எல்லாம் அவர் கையில் புதுக் கணக்காகிவிடும். எழுதும்போது கணவர் காபியோடு வந்தால்கூட மடிக்கணினியை மூடிவிடுவார்.

"நான் என்ன, அந்த மெஷின்கிட்ட போய்ப் போட்டுக்குடுக்கவா போறேன்?"

"உங்களை நம்பறேங்க. உங்க வாயைத்தான் நம்பலை."

பழக்க தோஷம், வீட்டிலும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "அம்மா, முழுசாக் கேளு. நான் மாடல் இல்லை" என்று மகள் கத்துவாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒருமுறை பழைய கேள்விகளை விடையோடு பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டார். அக்கா வறுத்தெடுத்ததில் மனிதர் ஒரு வாரம் வேறு மேஜையில் போய் உட்கார்ந்தார்.

போன வாரம் அவர்கள் நிறுவனத்தின் புதிய மாடல் அக்காவின் புதுத் தாளில் தொண்ணூற்று நான்கு வாங்கியது. மறுநாள் ஊருக்கெல்லாம் அறிவிப்பதாக ஏற்பாடு. அக்கா வழக்கம்போல் லிஃப்ட் கேள்வியில் பாதியைக் கொடுத்தார். "மூன்றாம் மாடியில் மட்டும் லிஃப்ட் நிற்காது, அங்கே ஒரு நாய் இருக்கிறது" என்று முடித்தது மாடல். அந்த நாயை அக்கா தன் தலைக்குள்ளிருந்து எடுத்துக் கேள்வியில் வைத்திருந்தார்; உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

உடனே அறிவிப்பை நிறுத்தச் சொன்னார். அதுவரை கோபம்தான். இருக்கைக்குத் திரும்பியபோதுதான் ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் தாளை முடித்த அன்று நல்ல ஜலதோஷம், கண்ணெல்லாம் எரிச்சல். "எழுத்துப்பிழை இருக்கான்னு பாரு" என்று முழுத் தாளையும், விடைகள் உட்பட, இதே மாடலின் பழைய பதிப்பிடம் பொது அரட்டைப் பக்கத்தில் கொடுத்திருந்தார். அங்கே பேசுவதெல்லாம் அடுத்த பயிற்சிக்குப் போகும் என்பதை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவமானத்தில் காது மடல் சுட்டது. யாருக்கும் தெரியாது, சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை.

கூட்டத்தில் அணித் தலைவர் மேஜையைத் தட்டினார். "ஒரு வருஷ உழைப்பு, போச்சு! தாளை யாரு வெளிய விட்டது?"

எல்லார் பார்வையும் பக்கத்து மேஜைக்காரர் மேல் போய் நின்றது. "சத்தியமா நான் இல்லைங்க" என்று பதறினார் அவர்.

பரீட்சை அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல், வலது கையை நேராக உயர்த்தினார்.