அவங்களே ஒதுங்கிட்டாங்க

மழைக்கு ஒதுங்குகிறோம். இலையில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறோம். ஒதுங்குவது தானாகச் செய்வது, ஒதுக்குவது இன்னொருவர் செய்வது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். போன மாதம் தெரிந்தே அதைத் தப்பாகச் சொன்னேன்.

சிறுசேரியில் வேலை எனக்கு. மதியம் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரே மேஜையில் டப்பாக்களைத் திறந்துவைத்து, ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவிட்டுச் சாப்பிடுவோம். எங்களில் சின்னவள் படாளத்துப் பெண். அவள் கொண்டுவரும் நெத்திலித் தொக்குக்கு அடிதடியே நடக்கும். ஒருநாள் பேச்சுவாக்கில், படாளத்தில் எந்தப் பக்கம் என்று ஒருத்தி கேட்டாள். காலனி என்றாள் இவள், சாதாரணமாக.

மறுநாள் ஒருத்திக்கு டயட். ஒருத்திக்கு விரதம். இன்னொருத்திக்கு மீன் வாடை திடீரென்று குமட்டியது. நான் வயிறு சரியில்லை என்றேன். தொக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் ஜன்னலோர மேஜைக்குத் தனியாகப் போய்விட்டாள்.

நானும் படாளத்துக்குப் பக்கத்து ஊர்க் காலனியில் பிறந்தவள்தான். செங்கல்பட்டுக்குக் குடிவந்தபிறகு அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அந்த டப்பாவில் கைவைத்தால் அடுத்த கேள்வி எனக்கு வருமோ என்று பயம். வெட்கங்கெட்ட பயம்.

அவள் ஏன் தனியாக உட்காருகிறாள் என்று டீம் லீட் ஒருநாள் எங்களிடம் கேட்டார். மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். வாயைத் திறந்தது நான்தான்.

“அவங்களே ஒதுங்கிட்டாங்க சார்.”

தண்ணீர் பிடிக்க வந்தவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும் ஆபீஸ் கேப்பில் அவள் என் பக்கத்து சீட். முன்சீட்டில் எங்கள் மேஜைக்காரி ஒருத்தி. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. கேளம்பாக்கம் தாண்டியதும், முன்சீட்டுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

“உங்களையும் உங்கம்மாவையும் எங்க காலனி சர்ச்சுல பாத்துக்கீறேன்க்கா. மொதல்லருந்தே தெரியும். யாராண்டயும் சொல்லல, பயப்படாதீங்க.”

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்தவள் காதில் விழுந்துவிட்டதா என்றுதான் பார்த்தேன்.