பீங்கான் வளையத்தில் வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், முனைவர் பட்ட ஆய்வு என்ற பெயரில் நான் புனேயில் ஓர் எஃகுக் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். உள்ளே ஹீலியம்-3 வாயு, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. நியூட்ரான் ஒன்று வாயுவில் மோதினால் கம்பியில் சின்னத் துடிப்பு எழும். கவுண்டரில் ஓர் எண் ஏறும். டார்க் மேட்டர் என்கிற கரும்பொருளைத் தேடுகிறவர்களுக்கு நியூட்ரான் பெரிய தொல்லை; கருவியில் கரும்பொருள் மாதிரியே வேஷம் போடும். அது எவ்வளவு வருகிறது என்று எண்ணிச் சொல்வதுதான் என் வேலை. மணிக்கு நாலைந்து வந்தாலே அதிகம்.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளையும் அணைத்தோம். போபோடிச் சந்தையில் ஜேண்டுப் பூ, நம்மூர்ச் செண்டுமல்லிதான், வாங்கிப் போயிருந்தேன். என் கைடு திருநெல்வேலிக்காரர். "மத்ததுக்கெல்லாம் பொட்டு வையி. கொழாயில மட்டும் கை வச்சிராத, கேட்டியா?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்க்ரூடிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு, எனக்குச் சோறு போடப்போகிற குழாய்க்குக் கிடையாதா? அவர் டீ குடிக்கப் போனதும் முனையின் மூடியைக் கழற்றி, உயர் மின்னழுத்தம் நுழையும் பீங்கான் வளையத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து மூடிவிட்டேன்.

தசரா முடிந்து மின்சாரம் கொடுத்தால் மணிக்கு நூற்றுக்கணக்கில் ஏறியது. அவர் ஒயர்களை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தார். மூன்றாம் நாள் எனக்குப் பொறி தட்டியது. மழை ஈரத்தில் அந்தப் பொட்டு வழியாக மின்சாரம் கசிகிறது; அதைத்தான் கவுண்டர் நியூட்ரான் என்று எண்ணுகிறது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

பத்தாம் நாள் அவர் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வாயு கெட்டுப்போச்சு போலிருக்கு. வெளியேத்திர வேண்டியதுதான்."

அந்த வாயு மறுபடி கிடைக்காது. என் நாலு வருட உழைப்பும் அதோடு போய்விடும். வால்வில் ஸ்பானரை வைத்தார்.

"சார், வேணாம்! பீங்கான்ல நான் பொட்டு வெச்சிருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

மூடியைத் திறந்து பார்த்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, மின்சாரம் கொடுத்தார். ஒரு மணி நேரம் இருவரும் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று. மூன்றே மூன்று.

"எப்பம்மா ஞாபகம் வந்துச்சு?"

"இப்பத்தான் சார்."

"நல்ல வேள." நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். "பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. வாயு நெரப்புனது நாந்தானே. உன் தீசிஸ நானே கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ வாங்கி வருகிறேன் சார் என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.