இரைச்சல் கேட்டால் திரும்பிவிட வேண்டும்

இடுப்புயரம் வரும் இரும்புக் கம்பி ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. ஒரு முனை கூர். மறுமுனையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் பாய்லர் பிரிவு ஃபோர்மேனாக இருந்தபோது, கரும்பு அரைக்கும் மில் பிரிவின் மேஸ்திரி வைத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் உருளையின் பேரிங் மேல் கூர்முனையை ஊன்றுவார். உருண்டையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கண்ணை மூடுவார். இது இரண்டு நாள் தாங்கும், அது இன்றைக்கே போய்விடும் என்பார். பெரும்பாலும் அப்படியேதான் ஆகும். இன்ஜினியர்கள்கூட அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரும் நானும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். சொந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் என்னைப் ‘பங்காளி’ என்றுதான் கூப்பிடுவார். மகா பிடிவாதக்காரர். ஒன்று சொன்னால் அதிலேயே நிற்பார். மில்லுக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அதனால் அவரிடம் வித்தியாசமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு என் மனைவி சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லுவாள்.

அரவை தொடங்க ஒரு மாதம் இருக்கும். மழைக்காலம். கல்வராயன் மலையில் காட்டுக்குள் ஓர் அருவி இருக்கிறது, போகலாம் என்று கிளம்பினோம். வருவதாகச் சொன்ன இரண்டு பேர் கடைசியில் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊன்றுகோலாக இருக்கட்டும் என்று மேஸ்திரி கம்பியையும் எடுத்துவந்திருந்தார். அருவியில் எந்த பேரிங்கைப் பார்க்கப் போகிறீர் என்று வழி முழுக்கக் கிண்டல் செய்துகொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

டீக்கடையில் மலைக்காரர் ஒருவர் வழி சொன்னார். மேஸ்திரி அவர் உதட்டையே பார்த்துக் கேட்டுக்கொண்டார். “கடுக்கா மரத்தாண்ட ஓடை ஒண்ணு குறுக்க வரும். அங்க நின்னு கேளுங்க. அருவி எரைச்சல் கேட்டா எறங்காதீங்க, திரும்பி வந்துருங்க. கேக்கலன்னா தண்ணி முட்டிக்குத்தான் இருக்கும், தாராளமாப் போலாம்” என்றார் அவர். மேலே மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வருமாம். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இரண்டு மணி நேரம் நடந்திருப்போம். மூங்கில் புதர்களைத் தாண்டியதும் வெயிலே படாத அடர்ந்த காடு. ஈரமண்ணில் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. என் செருப்பு வார் அறுந்துபோக, அதைக் கட்ட உட்கார்ந்தேன். மேஸ்திரி நிற்காமல் முன்னால் போனார். கட்டி முடித்து ஒரு வளைவு திரும்பியதும் இரைச்சல் கேட்டது. மெல்லிய சத்தம் இல்லை, நெஞ்சில் வந்து மோதுகிற சத்தம். கடுக்காய் மரத்தடியில் அவரைக் காணவில்லை. ஓடை நடுவில், தொடையளவு கலங்கல் தண்ணீரில், நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

தொண்டை கிழியக் கத்தினேன். பத்தடி தூரம்தான். அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது வந்த பயம் தண்ணீரைப் பார்த்து மட்டும் வந்ததல்ல. அதற்குள் இழுப்பு கூடி அவர் ஒருமுறை தடுமாறினார். கம்பியைப் பாறையில் ஊன்றி நின்றார். பழக்கத்தில்தான் செய்தாரோ என்னவோ, குனிந்து உருண்டையைக் காதெலும்பில் வைத்தார். காதில் விழாத இரைச்சல் எலும்பு வழியே வந்திருக்க வேண்டும். அந்த முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. திரும்பினார். நான் முட்டியளவு இறங்கிக் கை நீட்ட, அவர் கம்பியை நீட்டினார். அதைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

கரையில் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். “நின்னு கேட்டுட்டுத்தான் பங்காளி எறங்கினேன். ஒண்ணும் வர்லியே” என்றார். எத்தனை வருடமாகக் காது கேட்கவில்லை என்று கையால் கேட்டேன். நான்கு விரலைக் காட்டினார். பிறகு, “யாராண்டயும் சொல்லாத. எனுக்கு மில்ல வுட்டா வேற எடம் தெரியாது” என்றார். நான் எழுந்து கம்பியை அவர் கையில் கொடுத்தேன். அருவியைப் பார்க்காமலே இறங்கினோம்.

மில்லில் கரும்பு ஏற்றும் கேரியரைக் கிளப்புமுன் மணி அடிக்கும். அடியில் சுத்தம் செய்கிறவர்கள் விலக வேண்டும். விலகிவிட்டார்களா என்று பார்த்துக் கை காட்டுவது மேஸ்திரி. அவரே அடியில் குனிந்து நிற்பதும் உண்டு. மறுநாள் காலையில் இன்ஜினியரிடம் சொன்னேன். அரவை தொடங்கியபோது மேஸ்திரி கரும்பு வண்டிகள் நிற்கும் இடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அவர் பேசாததற்கு வருந்தினேன், மிகவும் வருந்தினேன். ஓய்வு பெற்ற அன்று நான் இல்லாத நேரம் பார்த்துக் கம்பியை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. பாய்லரும் சும்மா விடவில்லை. எனக்கும் இப்போது காது மந்தம். போன மழைக்காலத்தில் கம்பியை ஊன்றிக்கொண்டு அந்தப் பாதையில் தனியாகப் போனேன். நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. கடுக்காய் மரம் அங்கேயே இருந்தது. அதனடியில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கம்பியைப் பாறையில் ஊன்றிக் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. பின்னால் மூச்சு வாங்க ஏறிவந்த பெண்ணை நிறுத்தி, “எனுக்குக் காது கேக்காதும்மா. அருவிச் சத்தம் வர்தா, கொஞ்சம் கேட்டுச் சொல்லு” என்றேன்.

அவள் என்னவோ சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னாள்:

“கேக்குதுங்க. ஜாஸ்தியா கேக்குது.”

அவளையும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் திரும்பி நடந்தேன்.