கட்டிலடிக்கு ஓடிய பூனை

எனக்குப் பூனை பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பூனை வந்தது மனைவிக்காக. நான் வேலைக்குப் போனால் அவளுக்குப் பேச ஆளில்லை. அந்தக் கட்டடத்தில் வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார்கள். அத்தோடு சரி.

மிருகக் காப்பகத்தில் ஒரு சாம்பல் நிறக் கிழட்டுப் பூனையைத் தந்தார்கள். சில கிழமை கழித்துத் தங்கள் ஆள் வந்து பார்ப்பார், பூனை வீட்டோடு ஒட்டவில்லை என்றால் திருப்பி எடுத்துவிடுவோம் என்றார்கள். ஒரு பூனைக்கு இவ்வளவு விசாரணை.

முதலில் அது எந்நேரமும் அவள் மடியில்தான். பிறகு குளிர் இறுகியது. ஹீட்டரை ஐந்தில் வைத்தோம். ஐந்துக்கு மேல் இலக்கம் இருந்திருந்தால் அதிலும் வைத்திருப்போம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நைலோன் சொக்ஸோடு வீடெல்லாம் தேய்த்துத் தேய்த்து நடப்போம். நிலம் முழுக்கத் தமிழ்க் கடையில் வாங்கிய பூப்போட்ட கார்ப்பெட். ஈர உடுப்பு வீட்டுக்குள் காயப்போடக் கூடாது என்பது வீட்டுக்காரனின் சட்டம். எங்கள் சமையல் ஆவியிலேயே சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறதாம். அவன் உருளைக்கிழங்கு அவித்தால் ஆவி வராது போல.

ஒருநாள் அவள் பூனையின் மூக்கைத் தொட்டாள். சடக்கென்று சத்தம். அவளுக்கு விரலில் கரண்ட் அடித்தது, பூனைக்கு மூக்கில். அது துள்ளிக் கட்டிலடிக்கு ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு அவள் கையை நீட்டினாலே ஓடத் தொடங்கியது.

"அதுக்குக் குளிருது போல," என்று சொல்லி, பளபளக்கும் நைலோன் போர்வை ஒன்றை வாங்கிவந்து கட்டிலடியில் விரித்தாள். அதற்குப் பிறகு பூனை எழும்பும்போதே மயிர் சிலிர்த்துப் பொறி பறந்தது.

என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சாப்பிட வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணை, வாலில ஒரு வயரைக் கொழுவி விடுங்கோ. கரண்ட் பில் மிச்சம்," என்றார். நான் சிரித்தேன். அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். பின்னால் போனேன்.

"நல்லாச் சிரியுங்கோ. இந்த நாட்டில பூனைக்குக்கூட என்னைப் பிடிக்கேல்லை. காப்பகத்து மனிசி வந்து பார்த்தா கொண்டுபோயிடுவா."

போனால் போகட்டும் என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

காப்பகத்துப் பெண் வருவதாகச் சொன்ன நாள் காலை, மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குசினியில் மட்டும் கார்ப்பெட் இல்லை, ஓடு பதித்த நிலம். நனையும் என்று சொக்ஸைக் கழற்றியிருந்தாள். மீன் மணத்துக்குப் பூனை வந்து காலில் உரசியது. பயந்து பயந்து ஈரக் கையால் தலையைத் தடவினாள்.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ. அடிக்கேல்லை."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஹீட்டரில் காய்ந்த காற்றில் நைலோனும் கார்ப்பெட்டும் உரசி உரசித்தான் எங்கள் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கிறது. கார்ப்பெட்டைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். அந்தப் போர்வையைத் தூக்கி வெளியே எறிந்தேன். நான் இடுப்பில் கட்டும் சாரம், தலை துவட்டும் துவாய் எல்லாவற்றையும் நனைத்து, காற்று ஈரமாகட்டும் என்று ஒவ்வொரு ஹீட்டரிலும் போட்டேன்.

"வீட்டுக்காரன் கத்துவான்."

"கத்தட்டும். நீர் சொக்ஸைப் போடாதேயும்."

காப்பகத்துப் பெண் வந்து ஈரச் சாரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். பூனைக்காக என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். புதிய ஆளைக் கண்டு பூனை மறுபடி கட்டிலடியில். மனைவி வெறுங்காலோடு குந்தினாள். மிச்சக் கரண்ட் இறங்கட்டும் என்று முதலில் ஹீட்டர் குழாயைத் தொட்டாள். பிறகு விரலை நீட்டினாள். பூனை யோசித்தது. அது மெல்ல வந்து அவள் விரலை மணந்தது. பிறகு நெற்றியை அவள் உள்ளங்கையில் முட்டியது. மீன் மணமாகவும் இருக்கலாம். அந்தப் பெண் பூனைக் கூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வெறுங்கூட்டோடு போனார்.

அடுத்த கிழமை வீட்டுக்காரன் வந்து சாரங்களைக் காட்டிக் கத்தினான். நானும் கத்தினேன். பூனை ஓடவில்லை. அவள் மடியில் இருந்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.