ஹார்ட் டிஸ்க்கில் வைத்த சந்தனம்

"பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதக்கா. வேற எது போனாலும் அது மட்டும்தான் போவும். இது போனா எல்லாத்தையும் இஸ்துக்கினு போவும்."

என் தம்பி சொன்னது. அவன் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. திருப்பதியில் அந்தக் கம்ப்யூட்டர் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் வந்தது. குரல்தான் வரவில்லை. அவன் பேச்சு என் குரலிலேயே எனக்குள் கேட்டது.

அவன் மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் ஆகாது என்றாள். நகரியில் நாலு பவர்லூம் வைத்துப் பிழைக்கிற குடும்பம் நாங்கள். கடையில் கட்டிவைத்திருக்கிற பெட்டியை அப்படியே வாங்க நமக்கு ஏது வசதி? பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் முடியும். தம்பி அப்படித்தான் தன் கம்ப்யூட்டரைக் கட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூ எடுத்துக் கொடுத்தவள் நான்.

என் பையில் அவனுடைய பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தது, அவன் துண்டிலேயே சுற்றி. மகளைத் தொட்டிலில் போட்ட அன்று எடுத்த வீடியோ அதில்தான் இருக்கிறது. தொட்டிலை ஆட்டிக்கொண்டு அரை மணி நேரம் கண்டபடி பாடியிருப்பான், நடுவில் என்னை வம்புக்கு இழுத்திருப்பான். காய்ச்சலில் நாலே நாளில் அவன் போனபோது அவளுக்கு இரண்டு வயது. திருப்பதிக்குப் புறப்படும் முன் அப்பனைப் பற்றிக் கேட்டாள். "அத்தை, நைனா எப்பிடிப் பேசுவாரு?"

"வந்து போட்டுக் காட்டறேன், நீயே கேளு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

இத்தனை வருஷம் ஏன் அதைப் பத்திரமாகக் காப்பி எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். செத்தவன் சிரிக்கிறதைக் கேட்க எவளுக்கு மனசு வரும்? அவன் பெண்டாட்டி அந்தக் கம்ப்யூட்டரின் மேல் புடவையைப் போர்த்தி மூடியவள்தான், அப்புறம் யாரும் திறக்கவில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டைத் தூக்கி வைத்தார். உள்ளே கலர் கலராக விளக்கு சுற்றியது. "லைட்டிங் உண்டு அக்கா, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஒத்து நைனா, ஒத்து. லைட்டெல்லாம் வேணாம், எந்துக்கு? கல்யாணமா பண்ணப்போறேன் அதுக்கு?" என்றேன். வாயை மூடிக்கொண்டு தகரக் கேபினெட் ஒன்றை எடுத்துவந்தார். கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம், ப்ராசஸரோடு சேர்ந்தே வருகிறதைக் கொடு என்றேன். ரேம் இப்போதைக்கு ஒன்று, ஆனால் போர்டில் இரண்டாவதுக்கு இடம் இருக்க வேண்டும். சிஸ்டம் ஏற்ற ஒரு சின்ன எஸ்எஸ்டி. பவர் சப்ளை மட்டும் நல்ல கம்பெனியுடையது, வாரண்டி சீட்டோடு. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தாங்கக்கா?"

"என் தம்பி" என்றேன். "எங்க இருக்கார்?" என்று அவர் கேட்டார். வெளியே நிற்கிறான் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

எல்லாம் பூட்டி ஓடவிட்டார். பிறகு துண்டைப் பிரித்து டிஸ்க்கைக் கொடுத்தேன். வயரை மாட்டினார். டிக். கொஞ்சம் நிறுத்தி, டிக். திரையில் எதுவும் வரவில்லை. மூடிய கதவை உள்ளேயிருந்து ஒருவன் விரலால் தட்டுகிற மாதிரி இருந்தது. பத்துத் தட்டு இருக்கும், அதுவும் நின்றுபோயிற்று.

அவர் டிஸ்க்கைக் கழற்றித் திருப்பினார். "இதென்னக்கா மஞ்சளா?"

சந்தனம். காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமத்தோடு. அவர் நகத்தால் சுரண்டினார். அடியில் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை, பக்கத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்து. இந்த ஓட்டையை மூடாதே என்று போட்டிருக்கிறதாம். டிஸ்க் மூச்சு விடுகிற இடமாம்.

ஆயுத பூஜைக்குத் தறியில் மோட்டார், பெல்ட், நாடா என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்போம். ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொண்டு வருஷம் பூராவும் மக்கர் பண்ணும் என்பார்கள். அவன் கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளியேதான் பொட்டு. "உள்ள கை வெச்சே, சும்மா உடமாட்டேன்" என்பான். அவன் செத்த வருஷம் பண்டிகை இல்லை. மறு வருஷம், வீட்டில் யாரும் இல்லாதபோது, புடவையை விலக்கி நான்தான் திறந்தேன். அவன் தொட்ட சாமான் ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். டிஸ்க்குக்குக் குழைத்து, அழுத்தி வைத்தேன். பாவி.

"இதனாலதான் போச்சா?"

"சொல்ல முடியாதுக்கா. வயசாலயும் போவும்." நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் பொய் சொன்னேன். "பழசு, அடிக்கடி போட்டா கெட்டுடுமாம். உன் படிப்பு முடியட்டும், எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து கேக்கலாம்." அவள் அம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. டிஸ்க்கைப் புதுக் கேபினெட்டில் ஸ்குரூ போட்டு வைத்தேன், வயர் மாட்டாமல். அன்றிலிருந்து தறி ஓடுகிற இரைச்சலுக்குள் எனக்கு அந்த டிக் கேட்கிறது. தறியை நிறுத்தினால் கேட்பதில்லை. அதனால் நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவளே கேபினெட்டைத் திறந்தாள். அவள் அம்மா வாசலில் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில் போனேன்.

"ஒயர் மாட்டலயே நீ" என்றாள் மெதுவாக. "நான் அப்பவே மாட்டிப் பாத்தேன் அத்தை. டிக்கு டிக்குன்னுது. அம்மா கைல சொல்லாத, தாங்காது."

கிண்ணத்தை நீட்டினேன். அவள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, டிஸ்க்கின் ஓரமாக, ஓட்டைக்குத் தள்ளி ஒரு பொட்டு வைத்தாள்.

"இத மூடக்கூடாதாம், எழுதிகீது பாரு. உள்ள இன்னும் மஞ்சளாத்தான் கீது." குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். "நைனாதான் வெச்சிருப்பாரு, இல்ல? பாவம், அவருக்குத் தெரியல."

வாசலிலிருந்து கற்பூரம் எங்கே என்று அவள் அம்மா கூப்பிட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். "அவன்தான்."