ஐந்தேகாலுக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானங்கள்

என் பெரியப்பா தர்மசந்திரன் ஒரு கம்பெனியின் இயக்குநர் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்களே சிரிப்பார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த தாமலுக்குப் பக்கத்து ஊரில் ஐந்து ஏக்கரில் நெல் போடுகிறவர். வயது அறுபத்திரண்டு. மொபெட்டைத் தவிர வேறு வண்டி ஓட்டியதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்து நானூறு விவசாயிகள் பங்கு போட்டுத் தொடங்கிய உற்பத்தியாளர் கம்பெனிக்கு ஐந்து இயக்குநர்கள் இருக்கிறார்கள், அதில் அவர் ஒருவர். கம்பெனி ‘ஏரிக்கரை’ என்ற பெயரில் தூயமல்லி அரிசி விற்கிறது. காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் திரும்பும்போது ஐந்து கிலோ பை ஒன்றையும் காரில் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த அளவுக்குப் பெயர் பரவியிருக்கிறது.

இந்த வருடம் சென்னை நிறுவனம் ஒன்று கம்பெனியில் முதலீடு செய்ய முன்வந்தது. அதற்கு முன் கம்பெனியின் மதிப்பைக் கணிக்க எஸ்தர் என்ற பெண்ணை அனுப்பினார்கள். இரண்டு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார். ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் வீடு திரும்பி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. ஆங்கிலம் புரிந்தது. விஷயம் புரியவில்லை.

ஆலை பழையது, கட்டடம் வாடகை, இவற்றுக்குப் பெரிய மதிப்பு இல்லை என்று அறிக்கை சொன்னது. கம்பெனியின் மதிப்பில் பெரும்பங்கு கையால் தொட முடியாததில் இருக்கிறதாம். அதாவது பெயர், வாங்குகிறவர்களின் நம்பிக்கை. அதை இயக்குநர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்களோ அவ்வளவுதான் அதற்கு விலை. இதுவரை பெரியப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்தில் ‘ஏரிக்கரை’ என்ற பெயரே கம்பெனியுடையது இல்லை என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மேலாளர் இளவரசன் அதைத் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்திருக்கிறார். அதற்கு அனுமதி கொடுத்த தீர்மானத்தின் நகலையும் எஸ்தர் இணைத்திருந்தார். கீழே மூன்று கையெழுத்து. இரண்டாவது பெரியப்பாவுடையது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“என் கையெழுத்துதாம்மா. ஆனா இந்தப் பேச்ச நான் கேக்கவே இல்லியே.”

அவர் கேட்டிருக்க முடியாது. நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் என்று கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. கம்பெனி அலுவலகம் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் இருக்கிறது. கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும். ஐந்தேகால் ஆனதும் பெரியப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு மொபெட்டை எடுப்பார். வீட்டுக்குப் போய்ப் பொழுதோடு சாப்பிட அப்போதே கிளம்ப வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள், அது அவருடைய வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே பட்டியலிட்ட விஷயங்கள் அதற்குள் முடிந்திருக்கும். திடீரென்று வருகிற விஷயங்களைக் கடைசியில்தான் பேசுவார்கள். வருகைக் கையெழுத்தை அவர் உள்ளே நுழையும்போதே போட்டிருப்பார். நான்கைந்து நாள் கழித்து, கூட்டத்தில் நடந்ததை எழுதிய மினிட்ஸ் புத்தகம் வீட்டுக்கு வரும். அதை மொபெட் சீட்டில் வைத்து, கொண்டுவந்தவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். இதில் யாருடைய சூழ்ச்சியும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சூழ்ச்சி இருந்திருந்தால் புரிந்துகொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

இளவரசனைப் பார்க்க இருவரும் போனோம். அவர் எதையும் மறைக்கவில்லை. அப்போது கம்பெனியின் வருடாந்திரக் காகிதங்கள் பாக்கி இருந்ததால் கம்பெனி பெயரில் உடனே பதிய வழியில்லை, வெளியூர் வியாபாரி ஒருவர் இதே பெயரைப் பதிவு செய்யப் போவதாகத் தெரிந்தது, காத்திருக்க நேரமில்லை, இயக்குநர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன் என்றார். சரி, அதற்குப் பிறகு மூன்று வருடம் ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

“பேர எடுத்துக்கினு ஓடியா பூட்டேன்? இங்கியேதான இருக்குறேன். கட கடையா மூட்ட தூக்கிக்கினு போயி அந்தப் பேர விக்கிறப்போ கூட யாருப்பா வந்தீங்க?”

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வெளியே வந்ததும் அநியாயமாகப் பட்டது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வண்டியை இரண்டு முறை உதைத்துவிட்டு, கிளப்பாமல் அப்படியே நின்றார்.

மறுநாள் எஸ்தர் வந்தார். நடந்ததைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எங்கள் கம்பெனிக்கு ஐந்து இயக்குநர்கள், குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானம் போட்ட அந்த மாலை வந்தவர்கள் தலைவர் முனுசாமி, வடிவாம்பாள், பெரியப்பா என்று மூன்றே பேர். பெரியப்பா ஐந்தேகாலுக்குக் கிளம்பியது உண்மையானால் மிச்சம் இரண்டு பேர். தீர்மானம் செல்லாது, பெயரை இளவரசன் திருப்பித் தந்தாக வேண்டும். ஆனால் அதைக் கூட்டத்தில் பெரியப்பாவே வாய்விட்டுச் சொல்லி, பதிவாக வேண்டும் என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். எஸ்தர் படவில்லை. அப்படிச் சொன்னால் மினிட்ஸ் புத்தகம் பொய் என்றாகும், அதே மாதிரி நிறைவேறிய மற்றவையும் கேள்விக்குள்ளாகும், இந்த இயக்குநர்கள் எதையும் பார்ப்பதில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்றார். அப்படியானால் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று கேட்டேன். பெயர் திரும்பி வந்தால் ஏறும், நம்பிக்கை போனால் இறங்கும், கூட்டிக் கழித்தால் என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அது அவருடைய தொழில். அவருக்கே தெரியவில்லை.

மற்றவை என்று அவர் சொன்னதில் வடிவாம்பாளின் களமும் ஒன்று. அவருடைய நிலத்தில் நெல் காயவைக்கக் கம்பெனி போட்டுக்கொடுத்த சிமெண்டுக் களம். சேதி எப்படிப் போனதோ, மதியத்துக்குள் வீட்டு வாசலில் நின்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“நீ உண்மைய பேசி புண்ணியம் கட்டிக்கோ நயினாரே. பொழுதோட வூட்டுக்குப் போயி சாப்ட்டது நீ. உக்காந்து பேசினது நாங்க. இப்ப என் களத்த பேத்துக்கினு போறதுக்கு ஆளு வருமா?”

வடிவாம்பாள் போனபின், அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பெரியப்பா என்னிடம் கேட்டார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஐந்து இயக்குநர்களும் வந்திருந்தார்கள், அதுவே அதிசயம். இளவரசன் புத்தகத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலக் காகிதம் ஏதாவது வந்தால் படிக்க என்னையும் இருக்கச் சொன்னார்கள். முனுசாமி அறிக்கையைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா கையைத் தூக்கினார்.

“அன்னிக்கு அஞ்சேகாலுக்கே நான் கெளம்பிட்டேன். கையெழுத்து நான் போட்டதுதான். படிக்காம போட்டேன். அது ஒண்ணு மட்டும் இல்ல.”

எத்தனை என்று முனுசாமி கேட்டார். புத்தகத்தைப் புரட்டி எண்ணியபோது பதினொன்று வந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாக எடுப்பது என்று முடிவானது. முதலில் களம். அதைப் பற்றிப் பெரியப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்வி கேட்டார். யார் யார் காயவைக்கிறார்கள், முறை வைப்பது யார், மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்போது இடம் கிடைக்கிறது. வடிவாம்பாள் ஒவ்வொன்றுக்கும் முறைத்துக்கொண்டே பதில் சொன்னார். பதில்கள் சரியாகத்தான் இருந்தன. களம் நிறைவேறியது.

பெயரின் முறை வந்ததும் இளவரசன் எழுந்தார். மாற்றிக் கொடுக்கிறேன், பத்திரம் கொண்டு வாருங்கள் என்றார். தகராறு ஏதும் செய்யவில்லை. அதோடு, அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எந்தக் கடையில் யார் எத்தனை பை எடுப்பார்கள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது எந்த ஏட்டிலும் இல்லை. எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன். ஐயோ, அவர் போனால் மதிப்பு இறங்குமே என்றார். பெயர்தான் வந்துவிட்டதே என்றேன். ஆமாம், அதற்கு ஏறும் என்றார்.

மீதித் தீர்மானங்களை அடுத்த கூட்டத்துக்கு வைத்துவிட்டு, இளவரசன் விட்ட இடத்திலிருந்து முனுசாமி எழுதி முடித்துப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார். நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். பெரியப்பா முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படித்தார். இருபது நிமிடம் ஆயிற்று. இன்னா நயினாரே, பரீட்சைக்கா படிக்கிறே என்றார் வடிவாம்பாள். கடைசிக்கு முந்தைய வரியில் விரல் நின்றது. மேலாளர் விலக விரும்பியதை இயக்குநர்கள் ஏற்றுக்கொண்டதாக அதில் இருந்தது.

“நான் ஏத்துக்கலியே. ஏன் போறேன்னு அவன யாரும் கேக்கவும் இல்லியே.”

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். இளவரசன் வண்டியில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா ஏதோ கேட்டார், அவர் திரும்பாமலே ஏதோ சொன்னார். பிறகு இளவரசனின் குரல் உயர்ந்தது. பெரியப்பா வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதனால் ஏதாவது ஏறுமா, இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவின் கையெழுத்துக்காக உள்ளே நான்கு பேர் காத்திருந்தார்கள்.