இடது காலின் ஆழம்

கால்பந்துப் பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் எல்லாம் வண்டி நிறுத்துகிற பக்கம் போன பிறகுதான் அன்பழகன் மைதானத்துக்குள் இறங்குவார். செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி, இடது அக்குளில் இடுக்கிக்கொள்வார். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நாலடி அகலத்தில் ஒரு செம்மண் பட்டை. முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து அவர் பதப்படுத்தி வைத்தது. அதன் ஓரத்தில் குந்துவார். பூட்ஸின் அடியில் இருக்கிற ஸ்டட் முளைகள் குத்திய குழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பால் சூடு பார்க்கிற மாதிரி வலது கட்டைவிரலை மெல்ல உள்ளே விடுவார். மண் நகத்தின் எந்த இடம்வரை ஏறுகிறது என்று பார்ப்பார். பிறகு அடுத்த காலின் குழி. இரண்டு காலும் ஆனபிறகு லுங்கி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அன்பழகன் கொத்தனார். முத்தியால்பேட்டையில் பல வீடுகளின் மாடிப்படி அவர் கை வேலை. மைதானத்துக்கு நூல் பிடித்துக் கோடு போட ஆள் வேண்டுமென்று கிளப்பில் கூப்பிட்டார்கள். போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. காலையில் கோடு, பிறகு கட்டட வேலை. இடையில் இந்தக் குழி பார்க்கிற வேலை, யாரும் கொடுக்காமல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கிளப்பின் கோச் அமலநாதன். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் மைதானத்தில் எல்லோருக்கும் அவர் ‘முசே’தான்; பிரெஞ்சில் ‘ஐயா’. புதிதாக வருகிறவனை மூன்று நாள் ஆடவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு நாளும் கடைசியில் அவன் மட்டும் தனியாக அந்த ஈரப் பட்டையில் பத்துத் தடவை ஓடித் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் முசே அன்பழகனைப் பார்ப்பார். அன்பழகன் தலையசைப்பார், அல்லது அசைக்கமாட்டார்.

ஒருமுறை முதல் நாளிலேயே நாலு கோல் போட்டு எல்லோரையும் வாய்பிளக்க வைத்த ஒருவனை, “குதிகால்ல ஓடறான் முசே, முட்டி ஆறு மாசம் தாங்காது” என்றார். ஐந்தாவது மாதம் முட்டி போயிற்று. அன்றிலிருந்து அவருக்குக் ‘கால் ஜோசியர்’ என்று பெயர்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இந்த மனுசன் தலை நிமிரல,” என்பாள் அவர் மனைவி சிவசங்கரி. “வெக்கம்னு நெனச்சேன். காலப் பாத்துக்கினு இருந்திருக்காரு.”

ஆட்டத்தை அவர் பார்க்கமாட்டார். ஆளையும் பார்க்கமாட்டார். “மூஞ்சப் பாத்தா நமக்கு இஷ்டம் வந்துடும். மண்ணுக்கு இஷ்டம் கெடையாது” என்பார். இருபது வருஷத்தில் ஒரே மாதிரித் தடம் இரண்டு பேருக்கு அவர் பார்த்ததில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மரிய அருண் வந்தான். குருசுக்குப்பத்துப் பையன், பத்தொன்பது வயது. ராத்திரி ஐஸ் கம்பெனியில் வேலை, விடிந்தால் மைதானம். முசேவுக்கு அவனை முதல் நாளே பிடித்துவிட்டது. அன்பழகன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். வலது கால் குழியில் நகம் முழுக்க இறங்கியது. இடது காலில் பாதி நகத்தோடு நின்றது; வெளி ஓரம் மண்ணில் பதியவே இல்லை. மூன்று நாளும் அப்படித்தான்.

“எடது கால அழுத்தி வெக்க மாட்டேங்கறான் முசே. எங்கியோ அடி. மறைக்கறான்.”

முசே வேண்டாமென்றதும் அருண் அன்பழகனைத் தேடி வந்தான். கோடு போடுகிற சுண்ணாம்பு வாளிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“அண்ணே, எனக்கு அடியே இல்லண்ணே.”

“காலு பொய் சொல்லாது தம்பி.”

மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. பந்து இல்லையென்றான பிறகு ராத்திரி வேலையும் கசந்து, மாமன் படகில் ஏறினான் என்று சொன்னார்கள். மூன்றாவது மாதம் படகு கவிழ்ந்தது. மாமன் நீந்திக் கரையேறினார். அருண் ஏறவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு அன்பழகன் குருசுக்குப்பத்தில் வேலை ஒப்புக்கொண்டதே கிடையாது. சுவர் எழுப்ப ஒருவர் வீடு தேடி வந்து கெஞ்சியும் போகவில்லை. தளம் போட்ட இடத்தில் சிமெண்ட் ஈரமாக இருக்கிறவரை அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். பார்த்தால், யாரும் மிதிக்காத தளத்தில், ஒரு கால் ஆழமாகவும் ஒரு கால் மேலாகவும் யாரோ நடந்து போயிருப்பது போலத் தோன்றும். பூச்சுக் கரணையை வாங்கி, ஏற்கெனவே வழுவழுப்பாக இருக்கிற இடத்தை மறுபடி மறுபடி தேய்ப்பார். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில், இரண்டு நாள் மழை விட்ட காலையில், விஜய் என்று ஒருவன் புதிதாக வந்தான்.

“பந்து அவன் கால்ல ஒட்டிக்கினுல்ல வருது! பாத்தியா அன்பு?” என்றார் முசே.

“பாத்துட்டு சொல்றேன்.”

“நீ எங்க ஆளப் பாத்தே. போ, போய்க் குழியப் பாரு.”

செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு குந்தினார். வலது கால் குழியில் நகம் முழுக்க இறங்கியது. இடது காலில் பாதி நகத்தோடு நின்றது. வெளி ஓரம் மண்ணில் பதியவே இல்லை.

அன்பழகன் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். மண் குளிர்ச்சியாக இருந்தது. அதைவிடக் குளிர்ச்சியான ஏதோ ஒன்று விரல் வழியாக ஏறி முழங்கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தார். மைதானம் காலியாக இருந்தது. கோல் வலையில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டார்.

“ஏன், கொழம்பு நல்லா இல்லியா?” என்றாள் சிவசங்கரி.

“அந்தப் பையன் திரும்ப வந்திருக்கான்.”

எந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். “கடல்ல போனவனுக்கு கிரவுண்டுல இன்னா வேல?”

“ஆட வந்திருக்கான்.”

“உனுக்கு வயசாவுது. அவ்ளோதான். சாப்புடு.”

சாயங்காலம் போய் அந்தப் பட்டையையே கொத்திப் புரட்டினார். மண்ணைச் சலித்துப் போட்டு, கட்டை அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. தண்ணீரை அளந்து தெளித்தார். குறை தரையில் இருந்தால் நாளைக்குத் தடம் மாறவேண்டும்.

மாறவில்லை. மறுநாளும் பாதி நகம்தான். அதற்கும் மறுநாளும் அப்படியே. அந்த மூன்றாம் நாள் அவர் தடங்களைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு நிமிர்ந்தபோது, விஜய் போகாமல் எதிரில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் முசே. இருபது வருஷத்தில் முதல்தடவையாக அன்பழகன் ஒரு புது ஆளின் முகத்தை முழுசாகப் பார்த்தார். ஒல்லி, மீசை அரும்பாத மேலுதடு. வாளிக்கு அப்பால் அரைகுறையாகப் பார்த்த அருணின் ஜாடை எதுவும் இல்லை. அது ஆறுதலாக இருக்கவேண்டியது, இல்லை.

“எங்கேருந்து தம்பி வர்றே?”

“குருசுக்குப்பம்ண்ணே.”

“கால்ல எதுனா அடியா?”

“எனக்கு அடியே இல்லண்ணே.”

அதே வார்த்தைகள். வாளியில் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருந்த ஓசை அவருக்குக் கேட்டது. அன்று கோடே போடவில்லை. வாளி ஷெட்டில் கவிழ்த்து வைத்திருந்தது.

“இன்னா அன்பு, வெச்சிக்கலாமா, அனுப்பிடலாமா?” என்றார் முசே. “ஒரே வார்த்த சொல்லு. பையன் மூச்சப் புடிச்சிக்கினு நிக்கறான்.”

மண் சொன்னதைச் சொன்னால் இவனும் நாளையிலிருந்து வரமாட்டான். அப்புறம் எந்தப் படகோ.

“ரெண்டும் சமம் முசே. வெச்சிக்கோங்க.”

மண் சொல்லாததை அவர் சொன்னது அதுவே முதல் தடவை. விஜய் குனிந்து அவர் காலைத் தொட வந்தான். அவர் தீயை மிதித்தவர் மாதிரி இரண்டடி பின்னால் தாவினார்.

கிளப்பில் விஜய்க்குச் சட்டையும் புது பூட்ஸும் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பயிற்சி முடிவில், புது பூட்ஸைப் பழக்க விஜய் அந்தப் பட்டையில் ஓடிவிட்டுப் போன பிறகு, அன்பழகன் அங்கே போனார். போகக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார், கால் கொண்டுபோய் விட்டது. வலது காலில் நகம் முழுக்க. இடது காலில் விரல் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். இறங்கிற்று. நகம் முழுக்க இறங்கிற்று.

“போயிட்டான்,” என்று வாய்விட்டுச் சொன்னார். அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார். லுங்கியெல்லாம் செம்மண்ணாக வந்தவரைப் பார்த்துச் சிவசங்கரி திட்டத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடலிலிருந்து திரும்பி வந்தவன் மூன்று நாள் ஆடி, கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பது அன்பழகனின் கணக்கு. அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

விஜய் இப்போது கிளப்பின் முதல் பதினொருவரில் ஒருவன். அன்பழகன் இன்னமும் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கிறார், காலையில் குந்துகிறார். ஆனால் யார் வந்தாலும் “ரெண்டும் சமம்” என்கிறார். நொண்டி நொண்டி ஓடிய ஒருவனுக்கும் அதையே சொன்னபோது, “உன் கட்டவிரல் மரத்துப்போச்சா?” என்று முசே கத்தினார். அன்பழகன் சிரித்துக்கொண்டே விரலைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான், விஜய் வீட்டுக்குப் போன கிளப் பையன்களுக்கு அந்தச் செய்தி தெரியவந்தது. அன்பழகன் காதுக்கு அது இன்னும் போகவில்லை. விஜய் குடும்பம் குருசுக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் மாடி, அருணின் அம்மா ஸ்டெல்லாமேரி வீட்டு மாடி. அந்த மூன்று நாளும் விஜய் போட்டு ஓடியது அருணின் பூட்ஸ். ஏழு வருஷமாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்ததை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். செத்தவன் பொருள் என்று யாராவது முகம் சுளிப்பார்கள், யாருடையது என்று சொல்லாதே என்றும் சொல்லி அனுப்பினார். புது பூட்ஸ் வந்ததும் விஜய் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஸ்டெல்லாமேரி இடது காலுடையதை மடியில் கவிழ்த்து அவர்களுக்குக் காட்டினார். எல்லா ஸ்டட்டும் பாதியாகத் தேய்ந்திருந்தன. வெளி ஓரத்தில் இருந்தவை அடியோடு இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து மைதானத்துக்கு நேரமாகிவிடும் என்று பூட்ஸைப் போட்டுக்கொண்டே சைக்கிளில் பறப்பானாம். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது.

“பிரேக்குக் கட்ட போடுடா போடுடான்னு தலையால அடிச்சிக்கினேன்,” என்றார் ஸ்டெல்லாமேரி. “எடது கால ரோட்டுல தேச்சி நிறுத்திக்கிறேம்மா, காலு நல்லாத்தான இருக்குதுன்னுவான்.”